ரேஞ்சில் துப்பாக்கியைக் கையாள்வது எப்படி: சுடாத நேரத்துக்கான வழிகாட்டி

புதிதாக ரேஞ்சுக்கு, அதாவது துப்பாக்கி சுடும் பயிற்சி இடத்துக்கு, வருகிறவர்களிடம் எது பயமாக இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். சுடும் அந்த நொடியைத்தான் சொல்வார்கள், சத்தமும் தோளில் விழும் உதையும். உண்மையில் அந்த நொடியில் எல்லாரும் விழிப்பாகத்தான் இருக்கிறோம்: குழல் இலக்கைப் பார்த்து இருக்கிறது, கண் குறிபார்க்கும் சைட்டில் இருக்கிறது, மனசு வேறெங்கும் போகவில்லை. வம்பு வருவதெல்லாம் மற்ற நேரத்தில். பெட்டியைத் திறக்கும்போது, பக்கத்து லேன்காரர் ஏதோ கேட்டார் என்று திரும்பும்போது, தோட்டா சிக்கிக்கொண்ட எரிச்சலில் துப்பாக்கியை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்க்கும்போது, போட்டி முடிந்த களைப்பில் மூட்டை கட்டும்போது. அதனால் இங்கே நான் எழுதுவதில் முக்கால்வாசி சுடாத நேரத்தைப் பற்றித்தான்.

என் கதையையே சொல்கிறேன். ஏர் பிஸ்டல் பயிற்சி, தொடங்கி ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. பெல்லட்டை, அதாவது சின்ன ஈயக் குண்டை, போட்டு மூடியாயிற்று, அந்த நேரம் பயிற்சியாளர் கூப்பிட்டார். துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டுப் போய்ப் பேசிவிட்டு வந்தேன். வந்ததும் கொஞ்சம் டிரை ஃபயர், அதாவது குண்டில்லாமல் ட்ரிகரை மட்டும் இழுக்கும் பயிற்சி, பண்ணலாம் என்று தோன்றியது, எடுத்தேன், ட்ரிகரை இழுத்தேன். ‘டப்’. இலக்குக் கார்டில் கறுப்பு வட்டத்துக்கு வெளியே ஒரு ஓட்டை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் குழல் இலக்குப் பக்கமே இருந்தது. ஆனால் அன்று முழுக்க எனக்குக் கை நடுங்கியது. நான் செய்த தப்பு இரண்டு: குண்டு போட்ட துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்தது ஒன்று, திரும்ப எடுத்தபோது பார்க்காமல் காலி என்று நம்பியது இன்னொன்று. காப்பாற்றியது குழல் இருந்த திசை மட்டும்தான்.

துப்பாக்கிப் பாதுகாப்பு விதிகள் இப்படித்தான் ஒன்றுக்கு ஒன்று முட்டுக் கொடுத்து நிற்கின்றன. பல இடங்களில் சொல்லித் தரப்படும் நான்கு விதிகளை இந்த வடிவில் பரப்பியவர் அமெரிக்கத் துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர். ஓடிக்கொண்டே சுடும் பிராக்டிகல் ஷூட்டிங் போட்டிகளுக்காக 1976இல் தொடங்கிய சர்வதேசக் கூட்டமைப்பான ஐபிஎஸ்சியின் முதல் தலைவரும் அவர்தான். எந்தத் துப்பாக்கியும் குண்டு போட்டதுதான் என்றே நினை. அழிக்க விரும்பாத எதன் மேலும் குழலைக் காட்டாதே. சைட் இலக்கில் நிற்கும்வரை விரல் ட்ரிகருக்கு வெளியே. இலக்கு எது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள். ஒரு விதியை மறந்தால் திட்டு வாங்குவீர்கள், அவ்வளவுதான். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று விதிகள் உடையும்போதுதான் ரத்தம் வருகிறது. நான்கையும் மனப்பாடம் செய்ய அரை நிமிடம் போதும், கைக்கு அது பழக்கமாவதற்குத்தான் வருடக்கணக்கு ஆகிறது.

சரி, பெட்டியிலிருந்து தொடங்குவோம். பின்னால் இருக்கும் நாற்காலியில் வைத்துத் திறக்காதீர்கள், சுடும் இடத்து மேசைக்கே கொண்டு போங்கள். திறப்பதற்கு முன்னால் குழல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும், அதற்காகப் பெட்டியின் வெளியே அந்தப் பக்கத்தில் ஒரு டேப் துண்டை ஒட்டி வையுங்கள். மறந்து தலைகீழாகத் திறந்துவிட்டீர்களா? துப்பாக்கியை எடுத்துத் திருப்பாதீர்கள். பெட்டியை மூடுங்கள், பெட்டியோடு திருப்புங்கள், மறுபடி திறங்கள். கேட்க அசட்டுத்தனமாக இருக்கும், ஆனால் துப்பாக்கியைக் கையில் எடுத்துத் திருப்பினால் குழல் முனை அந்த வரிசையில் நிற்கும் அத்தனை பேரின் வயிற்றையும் ஒரு தடவை தடவிக்கொண்டு போகும்.

குழல் திசையில் எனக்குத் தெரிந்து அதிகம் பேர் சறுக்கும் இடம் பிஸ்டலின் ஸ்லைடை, அதாவது தோட்டாவை ஏற்றப் பின்னால் இழுக்கும் மேல்பாகத்தை, இழுக்கும்போதுதான். வலதுகைக்காரர் ஸ்லைடை இழுக்கப் பலம் போதாமல் பிஸ்டலை நெஞ்சுக்கு அருகில் கொண்டுவந்து குறுக்கே பிடித்துக்கொள்வார். இப்போது குழல் இடது பக்கத்து லேன்காரரைப் பார்க்கிறது, இவருக்கோ அது தெரியவே தெரியாது, கண் முழுக்க ஸ்லைடில்தான் இருக்கிறது. வழி சுலபம்: துப்பாக்கியைத் திருப்பாமல் உடம்பைத் திருப்புங்கள். வலது தோள் பின்னால் போகட்டும், இடது பக்கம் இலக்கைப் பார்க்கட்டும், அப்போது கைகள் நெஞ்சுக்கு முன்னால் வசதியாக இருக்கும், குழலும் நேரே முன்னால் இருக்கும். இடதுகைக்காரர்கள் இதை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக் கண்ணாடி முன்னால் வெறுங்கையோடு பத்துத் தடவை செய்து பார்த்தாலே பிடிபட்டுவிடும்.

விரல் விஷயம். விரல் ட்ரிகர் வளையத்துக்கு வெளியே, நீட்டி, துப்பாக்கியின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு இருக்க வேண்டும். ‘ட்ரிகர் மேல் லேசாகத்தான் வைத்திருந்தேன்’ என்ற பேச்சே கூடாது. தடுமாறினாலும், திடீர்ச் சத்தத்துக்குத் திடுக்கிட்டாலும், இன்னொரு கையால் எதையாவது இறுக்கிப் பிடித்தாலும் இந்தக் கை விரல்களும் தானாக மடங்கும், அதை மனசால் அடக்க முடியாது. போட்டித் துப்பாக்கிகளின் ட்ரிகரும் சாதாரணத் துப்பாக்கி மாதிரி இல்லை. 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்குக் குறைந்தபட்ச ட்ரிகர் எடை, அதாவது ட்ரிகரை இழுக்கத் தேவையான விசை, 500 கிராம், அதாவது அரை லிட்டர் தண்ணீரின் கனம். 25 மீட்டர் பிஸ்டலுக்கு 1000 கிராம். ஏர் ரைஃபிளுக்கோ கீழ் வரம்பே இல்லை, சிலருடைய ட்ரிகர் மூச்சு விட்டாலே போய்விடும் போல இருக்கும்.

இது கற்றுக்குட்டிகளுக்கு மட்டும் நடப்பதில்லை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ், 50 மீட்டர் மூன்று நிலை ரைஃபிள் இறுதிச் சுற்று. அமெரிக்காவின் மேத்யூ எம்மன்ஸ் 3 புள்ளிகளுக்கு மேல் முன்னிலையில் இருந்தார், மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஷாட். ரைஃபிள் இலக்கின் மேல் இறங்கிக்கொண்டிருக்கும்போதே விரல் ட்ரிகரில் பட்டுவிட்டது. விழுந்தது 4.4, தங்கம் கையைவிட்டுப் போய் நான்காம் இடம். அதற்கு நான்கு வருடம் முன்னால் ஏதென்ஸில் இதே போட்டியின் கடைசி ஷாட்டைப் பக்கத்து லேன் இலக்கில் சுட்டு பூஜ்யம் வாங்கியவரும் அவரேதான். ‘இலக்கு எது என்று தெரிந்துகொள்’ என்ற விதி ஒரு தடவை, ‘விரல் வெளியே’ என்ற விதி ஒரு தடவை. ஒலிம்பிக் தங்கம் வென்ற ஒருவருக்கே இது நடந்தது. அவர் குழல் இரண்டு தடவையும் முன்னால்தான் இருந்தது, அதனால் போனது பதக்கம் மட்டும்.

காலியா என்று பார்ப்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது, அதை மாற்றக் கூடாது. முதலில் மேகசினை, அதாவது தோட்டா நிரப்பிய பெட்டியை, வெளியே எடுங்கள். அப்புறம் ரைஃபிளின் போல்ட்டையோ பிஸ்டலின் ஸ்லைடையோ திறங்கள். அப்புறம் சேம்பருக்குள், அதாவது தோட்டா உட்காரும் அறைக்குள், கண்ணால் பாருங்கள், வெளிச்சம் போதவில்லை என்றால் சுண்டுவிரலை விட்டுத் தடவியும் பாருங்கள். வரிசை மாறி, மேகசின் உள்ளே இருக்கும்போதே ஸ்லைடை இழுத்து விட்டீர்கள் என்றால் சேம்பரில் இருந்த தோட்டா வெளியே தெறிக்கும், நீங்கள் ‘அப்பாடா காலி’ என்று நினைப்பீர்கள், ஆனால் மேகசினிலிருந்து அடுத்த தோட்டா சத்தமில்லாமல் சேம்பரில் ஏறி உட்கார்ந்திருக்கும். அதற்குப் பிறகு மேகசினை எடுத்தும் பிரயோஜனம் இல்லை.

ஏர் கன்னில் இன்னொரு சிக்கல். பெல்லட் குழலுக்குள் உள்ளே தள்ளி உட்கார்ந்துவிடும், திறந்து பார்த்தாலும் கண்ணுக்குப் படாது. அதற்காகத்தான் சர்வதேச விதிகளில் ஏர் கன்னுக்கான சேஃப்டி ஃப்ளாக், அதாவது அந்தப் பளிச்சென்ற ஆரஞ்சுக் கயிறு, குழலின் முழு நீளத்துக்கும் போய் மறுமுனையில் எட்டிப் பார்க்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். கயிறு இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்தால் உள்ளே ஒன்றும் இல்லை, அதைவிட நல்ல சாட்சி கிடையாது. கயிற்றைப் பாதி வெட்டி ‘சும்மா அடையாளத்துக்கு’ சொருகி வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், எனக்கு அது சுத்தமாகப் பிடிக்காது.

ஒருவரிடமிருந்து துப்பாக்கியை வாங்கும்போது அவர் திறந்து பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார் என்றாலும் நீங்களும் பாருங்கள். அவர் தப்பாக நினைக்க மாட்டார். அப்படித் தப்பாக நினைக்கிறவராக இருந்தால் அவரோடு ரேஞ்சுக்குப் போகாமல் இருப்பது உத்தமம். சேஃப்டி பட்டனை நம்பாதீர்கள், அதுவும் தேய்ந்துபோகக் கூடிய ஒரு இரும்புத் துண்டுதான், பல போட்டித் துப்பாக்கிகளில் அது இருப்பதே இல்லை.

அடுத்தது கட்டளைகள். ஒலிம்பிக் வகைப் போட்டிகளில் கேட்கப் போவது நான்கு சொல்: லோட், ஸ்டார்ட், ஸ்டாப், அன்லோட். ‘லோட்’ வரும்வரை தோட்டாவோ பெல்லட்டோ துப்பாக்கிக்குள் போகக் கூடாது, அதற்கு முன்னால் சுட்டால் போட்டியிலிருந்தே நீக்கலாம். ‘ஸ்டாப்’ என்றால் அந்த நொடியே ஸ்டாப். ட்ரிகரில் பாதி இழுத்தாயிற்று, இதை மட்டும் முடித்துவிடுகிறேன் என்பதெல்லாம் கிடையாது. விரலை எடுங்கள், காலி செய்யுங்கள், திறந்து வையுங்கள், ஃப்ளாக்கைப் போடுங்கள், கையை எடுத்துவிட்டுப் பின்னால் வாருங்கள். ஆபத்தைக் கண்டால் ரேஞ்சை நடத்தும் ரேஞ்ச் ஆஃபீசர்தான் சொல்ல வேண்டும் என்று காத்திருக்காதீர்கள், ‘ஸ்டாப்’ என்று நீங்களே கத்தலாம், கத்தவும் வேண்டும்.

இலக்குக்குப் பக்கத்தில் ஆள் போயிருக்கும்போது துப்பாக்கியைத் தொடவே கூடாது. ஃப்ளாக் போட்டிருக்கிறது, சைட்டை மட்டும் ஒரு கிளிக் திருப்பிக்கொள்கிறேன் என்றாலும் கூடாது. முன்னால் நின்று திரும்பிப் பார்க்கிற மனிதருக்கு நீங்கள் சைட்டைத் திருப்புகிறீர்களா வேறு எதையாவது செய்கிறீர்களா என்று எப்படித் தெரியும்? அந்த நேரம் தண்ணீர் குடிக்கப் போங்கள்.

பிராக்டிகல் ஷூட்டிங்கில் ஆள் ஓடிக்கொண்டே சுடுகிறார், அதனால் கெடுபிடி இன்னும் அதிகம். ரேஞ்ச் ஆஃபீசர் சொல்லாமல் உறையிலிருந்து துப்பாக்கியை எடுக்கவே முடியாது. எடுத்துப் பார்க்க, துடைக்க என்று தனியாக ஒரு சேஃப்டி ஏரியா இருக்கும், அங்கே துப்பாக்கியைத் தொடலாம், தோட்டாவைத் தொடக் கூடாது, டம்மித் தோட்டாகூட. தோட்டா எடுக்க, மேகசின் நிரப்ப வேண்டுமா, அந்த இடத்தைவிட்டு வெளியே வாருங்கள். இந்தப் பிரிப்பு எவ்வளவு புத்திசாலித்தனமானது என்று எனக்கு இன்றைக்கும் வியப்புதான்: இரண்டும் ஒரே இடத்தில் சேரவே வழியில்லை. ஓடும்போதும், மேகசின் மாற்றும்போதும் விரல் வளையத்துக்கு வெளியே. குழல் பக்கவாட்டில் 90 டிகிரியைத் தாண்டினால் அன்றைய போட்டி அத்தோடு முடிந்தது. இரும்பு இலக்குகளை நெருங்கிச் சுடவும் கூடாது, கைத்துப்பாக்கிக்குக் குறைந்தது 7 மீட்டர், ஏனென்றால் ஈயச் சிதறல் திரும்பி வரும்.

துப்பாக்கி கையிலிருந்து நழுவினால் விழ விடுங்கள். இதைப் படிக்கும்போது சரி என்று தோன்றும், நிஜத்தில் கை தானாகப் பாயும், காற்றில் பிடிக்கப் போய் விரல் நேரே ட்ரிகருக்குள் நுழையும். பல ஆயிரம் கொடுத்து வாங்கியதுதான், கீறல் விழட்டும். விழுந்த பிறகும் நீங்கள் எடுக்காதீர்கள், ரேஞ்ச் ஆஃபீசர் எடுப்பார்.

இனி துப்பாக்கி மக்கர் பண்ணும் நேரம். ட்ரிகரை இழுத்தீர்கள், ‘க்ளிக்’ என்றது, வெடிக்கவில்லை. உடனே திறக்காதீர்கள். அரிதாகத்தான் என்றாலும், உள்ளே மருந்து தாமதமாகப் பிடித்து ஓரிரு நொடி கழித்து வெடிப்பது உண்டு. குழலை முன்னால் காட்டியபடியே 30 வரை எண்ணுங்கள், அப்புறம் முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு திறந்து தோட்டாவை எடுங்கள். எடுத்ததை நல்ல தோட்டாவோடு சேர்க்காமல் ரேஞ்சில் அதற்கென்று வைத்திருக்கும் டப்பாவில் போடுங்கள்.

அதைவிட மோசமானது இன்னொன்று: வெடித்தது, ஆனால் சத்தம் சொத்தையாக இருந்தது, உதையும் குறைவு. அப்போது அடுத்ததைச் சுடவே சுடாதீர்கள். முந்திய குண்டு குழலுக்கு நடுவில் நின்றுபோயிருக்கலாம், அதன் மேல் இன்னொன்றைச் சுட்டால் குழல் வெடிக்கும். காலி செய்து, குழலுக்குள் கம்பி விட்டு அடைப்பில்லை என்று பார்த்த பிறகுதான் மிச்சம். வேகச் சுற்றில், கடிகாரம் ஓடும்போது இந்த ‘சொத்தைச் சத்தம்’ காதில் விழுந்தும் கை நிற்காமல் அடுத்ததை இழுத்துவிடும், அதனால் இதை முன்கூட்டியே மனசில் ஓட்டிப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்களாகத் தீர்க்க முடியாத எந்தச் சிக்கலுக்கும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு பின்னால் திரும்பாதீர்கள். குழல் முன்னால், இன்னொரு கை மேலே, ஆள் உங்களிடம் வருவார்.

ஷாட்கன்காரர்களுக்கு ஒரு தனிச் சொல். 12 போர் (போர் என்பது குழல் அளவு) துப்பாக்கிக்குள் அதைவிடச் சிறிய 20 போர் தோட்டா போய்விட்டால் அது விழாமல் குழலுக்குள் சற்று முன்னே போய் மாட்டிக்கொள்ளும். திறந்து பார்த்தால் சேம்பர் காலி. ‘அட, போட மறந்துவிட்டேன்’ என்று ஒரு 12 போரைப் போட்டுச் சுட்டால் முன்னால் இருக்கும் தோட்டாவும் சேர்ந்து வெடித்துக் கையைக் கிழிக்கும். 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருப்பதே இதனால்தான். இடுப்புப் பையில் ஒரே வகைதான் இருக்க வேண்டும், வீட்டுக்குப் போனதும் பையைக் கவிழ்த்துத் தட்டிவிடுங்கள். சுடாத நேரத்தில் ஷாட்கன் மடக்கித் திறந்தே இருக்கட்டும், தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கும் அது காலி என்று தெரிய வேண்டும்.

ஏர் கன் பொம்மை இல்லையா என்று கேட்பவர்களுக்கு: அந்த 4.5 மில்லிமீட்டர் பெல்லட் விநாடிக்கு ஏறத்தாழ 170 மீட்டர் போகிறது, மணிக்கு 600 கிலோமீட்டர். கண்ணில் பட்டால் கண் போயிற்று. அதோடு துப்பாக்கியின் காற்றுச் சிலிண்டரில் 200 பார் அழுத்தம் இருக்கிறது. சிலிண்டர் மேல் தேதி அச்சிட்டிருக்கும், பொதுவாகப் பத்து வருடம் ஆனால் மாற்ற வேண்டும், பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளக் கூடாது. உலர்ந்த காற்றை மட்டும் நிரப்புங்கள், ஆக்சிஜன் நிரப்பவே கூடாது, எண்ணெய்ப் பசையோடு சேர்ந்தால் அது வெடிக்கும். மறுபக்கம், சின்ன .22 தோட்டாவையும் அலட்சியமாக நினைக்க வேண்டாம், ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று பெட்டியிலேயே போட்டிருப்பார்கள், கிட்டத்தட்ட இரண்டரை கிலோமீட்டர். இலக்குக்குப் பின்னால் இருக்கும் மண் மேட்டுக்கு மேலே போன குண்டு எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது.

காதுக்கும் கண்ணுக்கும் போட வேண்டியதைப் பற்றி நீட்ட விரும்பவில்லை, போடுங்கள், அவ்வளவுதான். தோட்டாத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றின் சத்தம் 140 டெசிபெலைத் தாண்டும், ஒரே ஒரு ஷாட்டே நிரந்தர இரைச்சலைக் காதில் விட்டுப் போகலாம். மூடிய ரேஞ்ச் என்றால் காதுக்குள் நுரைப்பஞ்சு பிளக், அதன் மேல் காதை மூடும் மஃப், இரண்டும். கண்ணாடி சுடுகிறவருக்கு மட்டுமல்ல, பின்னால் நின்று வேடிக்கை பார்க்கிறவருக்கும்.

பலர் கண்டுகொள்ளாதது ஈயம். பெல்லட்டைக் கையால் எடுக்கிறோம், அதே கையால் பிஸ்கட் சாப்பிடுகிறோம். தோட்டாவின் அடியில் தீப்பற்ற வைக்கும் பிரைமரிலிருந்து வரும் புகையிலும் பெரும்பாலும் ஈயம் உண்டு. ரேஞ்சுக்குள் சாப்பிடாதீர்கள், வெளியே வந்ததும் சோப்புப் போட்டு, குளிர்ந்த தண்ணீரில் கை கழுவுங்கள், முகத்தையும். போட்டுக்கொண்டு வந்த சட்டையோடு குழந்தையைத் தூக்காதீர்கள். தரையை விளக்குமாற்றால் பெருக்கினால் தூசி எழும்பி எல்லார் மூக்கிலும் ஏறும், ஈரத் துணியால் துடைப்பதுதான் முறை.

வீட்டில் டிரை ஃபயர் செய்கிறவர்கள் அதற்கென்று ஒரு சுவரை வைத்துக்கொள்ளுங்கள், சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் புழங்காத சுவராக. தோட்டாவும் பெல்லட் டப்பாவும் வேறு அறையில் இருக்க வேண்டும், மேசை இழுப்பறையில் இருந்தால்கூட அது ஒரே அறைதான். நடுவில் போன் வந்தால் திரும்பி வந்ததும் முதலிலிருந்து பார்த்துத் தொடங்குங்கள். முடித்ததும் ‘முடிந்தது’ என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் பூட்டுங்கள். வீட்டில் இருப்பவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை. பூட்டப் போகும்போது ‘கடைசியாக ஒன்று’ என்று எடுப்பதுதான் பல வீட்டுச் சுவர்களில் ஓட்டை போட்டிருக்கிறது. துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா இன்னொரு பூட்டில், சாவி குழந்தைகளுக்குத் தெரியாத இடத்தில். உரிமம், எடுத்துச் செல்வது எல்லாம் அந்தந்த நாட்டுச் சட்டப்படி.

உங்கள் பக்கம் யாராவது குழலைத் திருப்பினால் முதலில் அந்தக் கோட்டிலிருந்து விலகுங்கள், அப்புறம் ‘குழல்!’ என்று ஒரே சொல்லில் சொல்லுங்கள். பிடுங்கப் போகாதீர்கள், அவர் விரல் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. உங்களிடம் யாராவது அப்படிச் சொன்னால், காலிதான் என்று விளக்கம் சொல்ல வாயைத் திறப்பதற்கு முன்னால் குழலை முன்னால் திருப்புங்கள். தூக்கமில்லாத நாளில், சளி மருந்து போட்டுக்கொண்ட நாளில் வரவே வேண்டாம். குடித்துவிட்டு வருவதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

கடைசியில் மூட்டை கட்டும்போது மறுபடி அதே வரிசை: மேகசின், சேம்பர், கண், ஃப்ளாக், பெட்டி. பெட்டியை மூடிய பிறகு சட்டைப் பை, கால்சட்டைப் பை, பையின் ஓரத்து ஜிப் எல்லாவற்றையும் துழாவுங்கள். ஒரு .22 தோட்டா சுண்டுவிரல் அளவுகூட இருக்காது, கைக்குட்டைக்குள் சுருண்டு கிடக்கும், நீங்கள் மறந்தே போயிருப்பீர்கள். மூன்று வாரம் கழித்து விமான நிலையத்தில் எக்ஸ்ரே இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆள் அதை எடுத்துக் காட்டும்போது நீங்கள் சொல்லப் போகும் எந்தக் காரணமும் அந்த விமானத்தைப் பிடிக்க உதவாது.